அப்பா போடாத கையெழுத்து, மாசாமாசம் போற 4,083 ரூபாய்

சஞ்சீவிமலைக்காரன் | 22 ஜூன் 2025, இரவு 9:14

கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கங்க.

அப்பா ராஜபாளையத்துல ஸ்பின்னிங் மில்லுல வேலை பார்த்து ஓய்வானவர். வயசு 71. கையில பட்டன் போன். ஜூன் 6-ஆம் தேதி பாஸ்புக் என்ட்ரி போட்டுட்டு வந்தவர், செருப்பைக்கூட கழட்டாம என்கிட்ட நீட்டி "இது யாருக்குப்பா போகுது?"ன்னு கேட்டார். பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு மாசமும் 5-ஆம் தேதி 4,083 ரூபாய் போயிருக்கு. அஞ்சு தடவை, மொத்தம் 20,415.

2023-ல ஒரு ஃப்ரிட்ஜ் தவணையில எடுத்தோம். 2024 மே மாசமே கட்டி முடிச்சு, பாக்கி இல்லைன்னு என்ஓசி சான்றும் வாங்கியாச்சு. இப்ப பணம் எடுக்கறது அதே நிதி நிறுவனம்தான். கிளைக்கு மூணு நடை நடந்ததும் ஒரு பிடிஎஃப் அனுப்பினாங்க. 27 டிசம்பர் 2024 தேதியில அப்பா பேர்ல புதுக் கடன். ஸ்மார்ட்போனுக்கு 48,996 ரூபாய், 12 தவணை. 14 பக்க ஒப்பந்தத்தோட கடைசிப் பக்கத்துல ஒரு கட்டம், அதுக்குள்ள கல்யாணப் பத்திரிகை எழுத்து மாதிரி வளைஞ்சு வளைஞ்சு இங்கிலீஷ்ல அப்பா பேர். கீழ நேரம் இரவு 7:52, ஒரு ஐபி எண். அப்பா வாழ்க்கையில இங்கிலீஷ்ல கையெழுத்து போட்டதே கிடையாது. பி.எஃப். படிவத்துல இருந்து என் கல்யாணப் பதிவு வரைக்கும் தமிழ்தான்.

"ஓடிபி வெரிஃபை ஆயிருக்கு சார், சிஸ்டம் ஒத்துக்கிச்சு, மீதி ஏழு தவணையையும் கட்டிடுங்க"ன்னு சொல்றாங்க. அப்பா கையெழுத்து போடலைன்னு நான் எப்படி நிரூபிக்கறது?

வெட்டிப்பேச்சு | 22 ஜூன், இரவு 9:40

கோவிச்சுக்காதீங்க தம்பி. எங்க மாமனாரும் இப்படித்தான் சத்தியம் பண்ணார். கடைசியில பார்த்தா கேஸ் சிலிண்டர் மானியம்னு எவனோ கூப்பிட, நம்பரைப் படிச்சுச் சொல்லியிருக்கார். பெரியவர்கிட்ட நிதானமா ஒரு தடவை கேட்டுப் பாருங்க. ஓடிபி அவர் போனுக்கு வந்திருந்தா உங்க கேஸ் அன்னிக்கே அடிபட்டுடும்.

சஞ்சீவிமலைக்காரன் | 22 ஜூன், இரவு 9:58

அண்ணே, அதையும் பார்த்துட்டேன். அப்பா எஸ்எம்எஸ்ஸை அழிக்கவே தெரியாதவர். டிசம்பர்ல வந்த பால் சொசைட்டி மெசேஜ்கூட இன்னும் கிடக்கு, ஓடிபி எதுவும் இல்ல. இப்பத்தான் இன்னொண்ணும் கண்ணுல பட்டுச்சு. ஒப்பந்தத்துல இருக்கற மொபைல் எண் 61-ல முடியுது. அப்பா எண் அது இல்ல. ஃப்ரிட்ஜ் கடன் ஒப்பந்தத்துல அப்பா எண்தான் இருக்கு, எடுத்துப் பார்த்துட்டேன்.

வெட்டிப்பேச்சு | 22 ஜூன், இரவு 10:03

அப்படின்னா நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்.

ஓய்வுபெற்ற காசாளர் | 23 ஜூன், காலை 6:20

தம்பி, கையெழுத்துச் சண்டை இருக்கட்டும், முதல்ல ஓட்டையை அடைங்க. ஃப்ரிட்ஜ் வாங்கினப்போ கணக்குல தானா பணம் எடுக்க ஒரு மேண்டேட் கொடுத்திருப்பீங்க. கடன் முடிஞ்சாலும் அது சாகாது. பல நிறுவனங்கள் மேண்டேட்டை மாசத் தவணையை விடப் பெரிய வரம்புக்கும் நீண்ட காலத்துக்கும் பதிஞ்சு வச்சுக்கும். அடுத்த கடனுக்கும் அதே குழாயில உறிஞ்சிக்கலாமே. அப்பாவையும் கூட்டிக்கிட்டு பேங்குக்குப் போய், எந்த மேண்டேட்ல பணம் போகுதுன்னு எண்ணைக் கேட்டு வாங்குங்க. அதை ரத்து பண்ணச் சொல்லி எழுத்துல கொடுத்து, நகல்ல சீல் வாங்குங்க.

ஒரு தப்பை மட்டும் செஞ்சிடாதீங்க. பணம் போகக்கூடாதுன்னு கணக்கைக் காலி பண்றாங்க சில பேர். பணம் இல்லாம திரும்பினா, கொடுப்பனவு மற்றும் தீர்வு முறைமைகள் சட்டம் 2007-ல 25-ஆம் பிரிவு இருக்கு, செக் பவுன்ஸ் மாதிரியே கிரிமினல் வழக்கு. அது உண்மையான கடனுக்குத்தான் பொருந்தும், கடைசியில உங்க பக்கம் ஜெயிக்கலாம். ஆனாலும் 71 வயசுல அந்த சம்மன் எதுக்கு? கணக்குல பணம் கிடக்கட்டும், மேண்டேட்டை ரத்து பண்ணுங்க. அன்னிக்கே நிதி நிறுவனத்தோட குறைதீர் அதிகாரிக்கு "இந்தக் கடன் என்னுடையது இல்லை"ன்னு கடிதம் போயிடணும். ரெண்டுலயும் ஒரே தேதி இருக்கட்டும். இல்லன்னா தவணை தவறினவர்னு எழுதி வைப்பாங்க.

பிட்டும் பைட்டும் | 23 ஜூன், காலை 11:32

கடன் கொடுக்கற ஆப்களுக்குக் கையொப்பப் பகுதி எழுதறதுதான் என் பிழைப்பு. அதனால ஒரு விஷயம்: அந்த வளைஞ்ச எழுத்தை மறந்துடுங்க. அது வெறும் ஃபாண்ட், பேரை டைப் பண்ணா மென்பொருளே வரைஞ்சு கொடுக்கும். "அப்பா தமிழ்லதான் கையெழுத்து போடுவார்"னு நீங்க வாதாடினா, "அது படம்தான் சார், கையொப்பம் வேற"ன்னு ஒரே வரியில முடிச்சுடுவாங்க.

பிடிஎஃபைக் கம்ப்யூட்டர்ல அக்ரோபேட் ரீடர்ல திறங்க. பக்கத்துல சிக்னேச்சர் பேனல்னு ஒண்ணு இருக்கும். ஆதார் ஈசைன், அதாவது ஆதார் வழியா மின்னணுக் கையொப்பம் பண்ணியிருந்தா, அதுல அப்பா பேர்லயே சான்றிதழ் இருக்கும், மாநிலம், பின்கோடு உட்பட. அந்தச் சான்றிதழுக்கு ஆயுளே அரை மணி நேரம்தான், கையெழுத்து போட மட்டும் பிறந்து செத்துப்போகும். அங்க நிதி நிறுவனத்தோட பேர் மட்டும் இருந்தா, அவங்க தங்களோட ஆவணத்துக்குத் தாங்களே சீல் வச்சிருக்காங்க, அவ்வளவுதான்.

இன்னொண்ணு, இது அவசரம். ஆதார் தளத்துல "அங்கீகார வரலாறு"ன்னு ஒரு பகுதி இருக்கு. அப்பா ஆதார் எங்கெங்க சரிபார்க்கப்பட்டுச்சுன்னு காட்டும். ஆனா கடைசி ஆறு மாசம்தான் காட்டும். கடன் தேதி டிசம்பர் 27. இன்னிக்கு ஜூன் 23. இன்னும் நாலு நாள்தான் இருக்கு. இன்னிக்கு ராத்திரியே எடுத்து பிடிஎஃபா வச்சுக்கங்க.

சஞ்சீவிமலைக்காரன் | 23 ஜூன், இரவு 8:47

எடுத்துட்டேன் அண்ணே. நவம்பர் 2024-ல ரேஷன் கடை ஒண்ணு... இல்ல, அது காட்டல, ஆறு மாசம் தாண்டிடுச்சு. டிசம்பர் 27-ல எதுவும் இல்ல. ஜனவரி 9-ல ரேஷன் கடையில கைரேகை வச்சது ஒண்ணு மட்டும் இருக்கு. சிக்னேச்சர் பேனல்ல நிறுவனத்தோட பேர்தான். அப்பா பேர்ல சான்றிதழே இல்ல.

பேங்க்லயும் மேண்டேட்டைப் பார்த்தோம். காசாளர் சார் சொன்னதே சரி. ஃப்ரிட்ஜ் தவணை 1,890-தான், மேண்டேட் வரம்பு 15,000. ரத்து பண்ணி, கடிதமும் பதிவுத் தபால்ல அனுப்பியாச்சு.

வைகைக்கரை வக்கீல் | 23 ஜூன், இரவு 10:15

கேள்வியையே கொஞ்சம் திருப்பிப் போடுங்கள். "அப்பா கையெழுத்திடவில்லை என்று நான் எப்படி நிரூபிப்பது" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒப்பந்தம் இருக்கிறது என்று சொல்பவர்கள் அவர்கள். பாரதிய சாட்சிய அதினியம் 2023, 66-ஆம் பிரிவைப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, பழைய சாட்சியச் சட்டத்தில் 67ஏ. ஒருவருடைய மின்னணுக் கையொப்பம் ஓர் ஆவணத்தில் இருப்பதாகச் சொல்லப்பட்டால், அது அவருடையதுதான் என்பது நிரூபிக்கப்பட வேண்டும். "பாதுகாப்பான மின்னணுக் கையொப்பம்" என்ற வகைக்கு மட்டும்தான் விலக்கு. ஆதார் ஈசைனோ டிஜிட்டல் சான்றிதழோ இல்லாமல் ஓடிபி தட்டியது அந்த விலக்குக்குள் வராது என்பது என் கருத்து.

அதற்காக ஓடிபி ஒப்பந்தமே செல்லாது என்று எழுதிவிடாதீர்கள். பலர் அந்தக் குழியில் விழுகிறார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 10ஏ பிரிவு, மின்னணு வழியில் உருவானது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது. ஓடிபி செல்லும். யாருடைய ஓடிபி என்பதுதான் இங்கே பிரச்சினை.

அதனால் கடிதத்தில் கதையைக் குறைத்து ஆவணங்களைக் கேளுங்கள். ஓடிபி எந்த எண்ணுக்குப் போனது, அந்த எண் கடன்தாரர் பதிவில் எந்தத் தேதியில், எந்தப் பயனர் கணக்கிலிருந்து சேர்க்கப்பட்டது, மாற்றும்போது பழைய எண்ணுக்கு ஒப்புதல் கேட்கப்பட்டதா, வாடிக்கையாளர் புகைப்படம், கடையின் விலைப்பட்டியல், போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ. நீதிமன்றத்தில் அவர்கள் இந்தப் பதிவுகளைக் காட்ட வேண்டுமானால் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். இதற்கு இணையான பழைய சட்டத்தின் 65பி சான்றிதழ் கட்டாயம் என்று அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் மூன்று நீதிபதிகள் அமர்வில் சொல்லிவிட்டது. புதிய சட்டத்தின் படிவத்தில் கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பையும் எழுதியாக வேண்டும், நிபுணர் ஒருவரும் கையெழுத்திட வேண்டும். இதையெல்லாம் கேட்டாலே பல நிறுவனங்களின் தொனி மாறிவிடுகிறது.

ஷோரூம் பையன் | 24 ஜூன், நள்ளிரவு 12:38

பேர் வேண்டாம். நாலு வருஷம் எலக்ட்ரானிக்ஸ் கடையில ஃபைனான்ஸ் டேபிள்ல உக்காந்திருந்தேன். வக்கீல் சார் கேட்ட "எந்தப் பயனர் கணக்கு"ங்கறதுதான் மர்ம முடிச்சு.

டேபிள்ல இருக்கற பையன் பாதி நேரம் நிதி நிறுவனத்தோட ஆளே கிடையாது, ஏஜென்சி ஆள். மாசக் கடைசியில டார்கெட். பழைய கஸ்டமர்னா கேஒய்சி அடையாள ஆவணம் எல்லாம் ஏற்கெனவே உள்ள கிடக்கும், வரம்பும் முன்கூட்டியே ஒப்புதல் ஆகியிருக்கும். தடை ஒண்ணே ஒண்ணுதான், ஓடிபி. "கஸ்டமர் நம்பர் மாறிடுச்சு"ன்னு ஒரு கோரிக்கை போட்டு எண்ணை மாத்திட்டா, அப்புறம் எல்லா ஓடிபியும் நம்ம கைக்கே வரும். பூட்டை யாரும் உடைக்கறதில்ல, சாவியை மாத்திடறாங்க. பொருளைக் கொடுக்கலாம்னு டிஓ (டெலிவரி ஆர்டர்) வந்ததும் கடைக்குப் பணம் நேரா போயிடும், கடன் வாங்கினவர் கணக்குக்கு வராது. அதனால பெரியவருக்கு எந்தத் தகவலும் போகாது. போன் பெட்டியோட மார்க்கெட்ல அஞ்சாயிரம் குறைச்சு வித்துடும்.

கஸ்டமர் போட்டோவைக் கண்டிப்பா கேளுங்க. லைவ் போட்டோ எடுக்கணும்னு ஆப் சொல்லும். பழைய போட்டோவை இன்னொரு ஸ்க்ரீன்ல வச்சு அதையே போட்டோ எடுக்கறவங்களை நான் பார்த்திருக்கேன். நான் பண்ணதில்ல. பார்த்துட்டு சும்மா இருந்தேன், அது இப்பவும் உறுத்துது.

உறையூர்க்காரி | 24 ஜூன், காலை 7:55

தம்பி, எங்க வீட்டுக்காரர் பேர்ல 2022-ல இதே கதை. நாங்க பண்ண தப்பை நீங்க பண்ணாதீங்க. "மேடம், பாதியைக் கட்டுங்க, செட்டில் பண்ணிடறோம்"னாங்க. தொல்லை விட்டா போதும்னு 11,000 கட்டினோம். கடன் வரலாற்றைப் பதியற சிபில்ல "செட்டில்டு"ன்னு ஏறிடுச்சு. அது "க்ளோஸ்டு" இல்ல. முழுசாக் கட்டாம பேரம் பேசி முடிச்சவர்னு அர்த்தமாம். பொண்ணோட கல்விக் கடனுக்குப் போனப்போ மேனேஜர் அதைச் சுட்டிக்காட்டித் திருப்பி அனுப்பினார். அதோட, காசு கட்டினதால கடன் எங்களுதுன்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு. ஒத்த ரூபா கட்டாதீங்க.

சான்ஹோசே தமிழன் | 24 ஜூன், காலை 10:20

இங்க கலிபோர்னியாவுல கிட்டத்தட்ட இதே சண்டை மேல்முறையீட்டு நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு. ஃபேபியன் எதிர் ரெனோவேட் அமெரிக்கா, 2019. வீட்டுக்கூரை சோலார் பேனலுக்கான கடன் ஒப்பந்தம். மின்னணுக் கையெழுத்துக்கான டாக்யுசைன்ல தன் பேர் இருக்கு, ஆனா நான் கையெழுத்தே போடலைன்னு அந்தம்மா சொன்னாங்க. தகராறை கோர்ட்டுக்கு வெளிய நடுவர்தான் தீர்க்கணும்ங்கற ஷரத்து ஒப்பந்தத்துல இருந்ததால, கம்பெனி வழக்கை அங்க தள்ளப் பார்த்துச்சு. டாக்யுசைன் முத்திரை இருந்தா மட்டும் போதாது, அந்தக் கையெழுத்து எப்படி, யாரால விழுந்துச்சுன்னு கம்பெனி காட்டணும், காட்டலைன்னு சொல்லி நீதிமன்றம் கம்பெனி கேட்டதை மறுத்துடுச்சு. உங்க ஊருக்கு இது செல்லாது, ஆனா தர்க்கம் வக்கீல் சார் சொன்ன அதேதான்.

வைகைக்கரை வக்கீல் | 24 ஜூன், இரவு 9:05

சான்ஹோசே நண்பர் நடுவர் ஷரத்தைச் சொன்னது நல்லதாயிற்று. இங்கேயும் கடன் ஒப்பந்தங்களில் அது இருக்கும். எமார் எம்ஜிஎஃப் எதிர் அஃப்தாப் சிங் வழக்கில் 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: அந்த ஷரத்து நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதைத் தடுக்காது. ஆனால் நடுவரிடமிருந்து நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வந்தாலும் அலட்சியம் செய்யாமல் ஆட்சேபம் எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதும் மனுவில் "மோசடி", "போலிக் கையெழுத்து" என்று பக்கம் பக்கமாக நிரப்ப வேண்டாம். சிட்டி யூனியன் வங்கி எதிர் ஆர். சந்திரமோகன், மார்ச் 2023. ஆணையத்தின் விசாரணை சுருக்க விசாரணை, மோசடி போன்ற கடுமையாக மறுக்கப்படும் விவகாரங்களை அங்கே தீர்மானிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் தூக்குவார். உங்கள் குறை இதுதான்: பழைய எண்ணைக் கேட்காமல் புதிய எண்ணை ஏற்றார்கள், முடிந்த கடனின் மேண்டேட்டில் பணம் எடுத்தார்கள், ஆவணம் கேட்டால் தரவில்லை. இவை சேவைக் குறைபாடு. போலிக் கையெழுத்தைக் காவல்துறை பார்க்கட்டும்: தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி (அடையாளத் திருட்டு), 66டி (ஆள்மாறாட்ட மோசடி). மாவட்ட சைபர் க்ரைமில் மனு கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீதாவது வாங்குங்கள். 30 நாளில் நிறுவனத்திடமிருந்து சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மன். ஆனால் அதே விவகாரத்தை ஆணையத்திலும் ஒரே சமயத்தில் நடத்த முடியாது, வரிசையை யோசித்துப் போங்கள். ஆணையத்துக்கு இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. உங்கள் மாவட்டத்துக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூரில்தானே இருக்கிறது, வரும்போது பால்கோவா வாங்கிக்கொள்ளலாம்.

சஞ்சீவிமலைக்காரன் | 19 ஜூலை 2025, இரவு 8:30

ஒரு மாசமா எழுத நேரமில்ல. நடந்ததைச் சொல்றேன்.

சைபர் க்ரைம்ல முதல்ல "இது சிவில் மேட்டர்"னாங்க. ஆதார் வரலாறும் ரெண்டு ஒப்பந்தமும் பக்கத்துல பக்கத்துல வச்சதும் எஸ்.ஐ. வாங்கிப் படிச்சார். சிஎஸ்ஆர் கிடைச்சுது. 61 எண் யார் பேர்ல இருக்குன்னு விசாரிக்கறாங்க. சிபில்லயும் தகராறு பதிஞ்சாச்சு. 30 நாளுக்குள்ள சரி பண்ணலைன்னா நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடுன்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கறதையும் கடிதத்துல எழுதிட்டேன்.

நிறுவனம் 24-ஆம் நாள் பதில் போட்டுச்சு. ஓடிபி பதிவு தரல, ஆனா "வாடிக்கையாளர் புகைப்படம்" இணைச்சிருந்தாங்க. ஷோரூம் தம்பி, நீங்க சொன்னது அப்படியே. படத்துல அப்பா போட்டிருக்கறது பழைய நீலக் கட்டம் போட்ட சட்டை. பின்னாடி ஃப்ரிட்ஜ் வாங்கின கடையோட பழைய போர்டு. அந்தக் கடை 2024 பொங்கலுக்கே இடம் மாறிடுச்சு, போர்டும் மாறிடுச்சு. படத்தோட ஓரத்துல ஒரு ஸ்க்ரீனோட கறுப்பு விளிம்புகூட தெரியுது. அப்பா பார்த்துட்டு "இந்தச் சட்டைதான் கிழிஞ்சு போய் வண்டி துடைக்கறமே"ன்னார்.

ஷோரூம் பையன் | 19 ஜூலை, இரவு 11:51

பார்த்தீங்களா. விலைப்பட்டியல்ல ஐஎம்இஐ இருந்தா போலீஸ்கிட்ட கொடுங்க அண்ணே. போன் இப்ப யார் கையில இருக்குன்னு அதுல வரும்.

சஞ்சீவிமலைக்காரன் | 21 ஆகஸ்ட் 2025, மாலை 6:12

போட்டோவைக் காட்டி ரெண்டாவது கடிதம் போட்டேன். போன வாரம் சென்னையிலிருந்து ஒரு மேடம் கூப்பிட்டு, கடனை ரத்து பண்றோம், 20,415-ஐயும் திருப்பித் தர்றோம், சிபில் பதிவையே நீக்கிடறோம்னு ரொம்ப மரியாதையாப் பேசினாங்க. ஒரு லிங்க் வரும், அதுல ஒப்புக்கிட்டா போதும்னாங்க.

லிங்க் வந்துச்சு. திறந்தா "நான் பெற்ற கடன் தொடர்பாக எனக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை"ன்னு ஒரு பக்கம். கீழ அதே கட்டம், அதே வளைஞ்ச எழுத்துல அப்பா பேர் ஏற்கெனவே ரெடியா நிக்குது. ஓடிபி போடணுமாம், அதுவும் 61-ல முடியற எண்ணுக்கே போயிருக்கு.

வெட்டிப்பேச்சு | 21 ஆகஸ்ட், மாலை 6:20

ஐயோ. எழுந்து நின்னு சிரிச்சுட்டேன், மன்னிச்சுக்கங்க.

வைகைக்கரை வக்கீல் | 21 ஆகஸ்ட், இரவு 7:45

"நான் பெற்ற" என்ற இரண்டு சொல்லும் வெளியே போகவேண்டும். "என் பெயரில் என் ஒப்புதலின்றிப் பதிவான" என்று மாற்றச் சொல்லுங்கள். காவல்துறைப் புகாரைத் திரும்பப் பெறுவதாக எங்காவது வரி இருக்கிறதா என்று சிறிய எழுத்தையும் படியுங்கள்.

சஞ்சீவிமலைக்காரன் | 9 செப்டம்பர் 2025, இரவு 9:02

இருந்துச்சு சார், நாலாவது பத்தியில. அடிச்சுட்டுத் திருப்பி அனுப்பினேன். ரெண்டு வாரம் இழுத்துட்டு, நீங்க சொன்ன வாசகத்தோட பேப்பர்லயே கடிதம் வந்துச்சு. கிளைக்கு அப்பாவோட போனேன். பேனா வாங்கி, கண்ணாடி போட்டு, ரெண்டு பக்கத்தையும் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, தமிழ்ல முழுப் பேரையும் எழுதினார். அந்தப் பையன் ஸ்டாம்ப் பேடை நீட்டி "கைரேகையும் வைங்க தாத்தா"ன்னான். "கையெழுத்து தெரிஞ்சவன் எதுக்குடா ரேகை வைக்கணும்?"னுட்டு எழுந்துட்டார்.

பணம் நேத்து வந்துடுச்சு. சிபில்ல இன்னும் போகல, நாளைக் கணக்குப் போட்டுட்டு இருக்கேன்.

ஓய்வுபெற்ற காசாளர் | 10 செப்டம்பர், காலை 6:05

சந்தோஷம் தம்பி. அப்பா பேர்ல வேற மேண்டேட் ஏதும் உயிரோட கிடக்கான்னு பார்த்தீங்களா?

சஞ்சீவிமலைக்காரன் | 10 செப்டம்பர், காலை 8:31

ஒண்ணு இருந்துச்சு சார். 2021-ல கட்டி முடிச்ச டிவி கடனுக்கானது. இன்னிக்குப் போறோம்.